ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அப்கிரேட்: எதை வீட்டு வாசலிலேயே செய்யலாம், எதை ஷெட்டில் விட வேண்டும்?

வட சென்னையில் மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருந்தால் அந்த கியர்பாக்ஸ் படும் பாடு தனி. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அடி அடியாக ஊர்ந்து போகும்போது ஆயில் கொதிக்கிறது. கடல் உப்புக்காற்று பைப்புகளையும் கூலர் இணைப்புகளையும் அரிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சுரங்கப்பாதைகளிலும் தாழ்வான தெருக்களிலும் தண்ணீர் நிற்கிறது. எனவே ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் போடலாமா, ஷிஃப்ட் கிட் (கியர் மாறும் விதத்தை மாற்றும் உதிரிபாகங்கள்) போடலாமா, கன்வெர்ட்டரை (என்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) மாற்றலாமா என்ற கேள்வி வருவது இயல்பு. அதை நாமே செய்வதா, ஷெட்டில் விடுவதா என்பதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

கியர்பாக்ஸ் உறைக்கு வெளியே நடக்கும் வேலையைக் கருவியும் பொறுமையும் இருந்தால் நீங்களே செய்யலாம். ஆயில் பான், அதாவது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு; அதைக் கழற்றுவது எல்லைக்கோடு. அதைத் தாண்டி உள்ளே கை போகிற எந்த வேலையையும் தெருவில் வைத்துச் செய்யாதீர்கள். கீழே வரும் எல்லாமே இந்தக் கோட்டை ஒட்டித்தான்.

1. உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

"ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே பெயரில் நம் ஊரில் நான்கு வகை ஓடுகின்றன. வகை தெரியாமல் பார்ட்ஸ் வாங்கினால் முதல் நாளே நஷ்டம்.

ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் இயக்குகிறது. இதற்கு ஆயில் கூலர் போட்டால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் சூடாவது கிளட்ச், ஆயில் அல்ல. கிளட்ச் செட் மாற்றினால் ஸ்கேனர் வைத்து கிளட்ச் கற்றல் (புதிய கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குக் கற்பிப்பது) ஓட்ட வேண்டும். ஸ்கேனர் இல்லாதவர் கையில் கொடுத்தால் வண்டி குலுங்கிக்கொண்டேதான் கிளம்பும்.

உலர் கிளட்ச் டிசிடி (இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்), உதாரணமாக ஃபோக்ஸ்வாகனின் 7 கியர் டிஎஸ்ஜி (டிக்யூ200), இதே கதைதான். கூலர் உதவாது. சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸில் கேளுங்கள், மற்றபடி கை வைக்காதீர்கள்.

சிவிடி (தனித்தனி கியருக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் உள்ள வகை) வண்டிகளில் கூலர் உதவும். ஆனால் பல மாடல்களில் என்ஜின் கூலன்ட் வழியாக ஆயிலைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஒரே கருவி இருக்கிறது. அந்தச் சுற்றை வெட்டி ஒட்டுவது புதியவர் வேலை அல்ல.

டார்க் கன்வெர்ட்டர் வைத்த கியர்பாக்ஸ், அதாவது இன்னோவா கிறிஸ்டா, ஃபார்ச்சூனர் ஆட்டோமேட்டிக், பல ஹூண்டாய், மாருதி 6 கியர் ஆட்டோமேட்டிக்குகள்: இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி பெரும்பாலும் இவற்றுக்குத்தான்.

2. வெப்பத்தை அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்

வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் போனுக்கு அனுப்பும் ஓபிடி புளூடூத் அடாப்டர் ஒன்று 1,000 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும். சாதாரண ஆப் டிரான்ஸ்மிஷன் ஆயில் வெப்பத்தைக் காட்டாது. உங்கள் கம்பெனிக்கு உரிய சென்சார் பட்டியலை ஏற்றிக்கொள்ளும் ஆப் வேண்டும். மாலை நெரிசலில், ஏசி போட்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் வழியில் 40 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் அளப்பது பயன்படாது. வேகமாகப் போகும்போது கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளும், வழுக்கல் நின்றுவிடும், காற்றும் அடிக்கும். ஊர்ந்து போகும்போதுதான் கன்வெர்ட்டர் வழுக்கி வழுக்கி ஆயிலைச் சூடாக்குகிறது.

80 முதல் 95 டிகிரிக்குள் நின்றால் கூலர் தேவையில்லை. அந்தப் பணத்தில் ஆயிலை மாற்றுங்கள். 110-ஐத் தாண்டி அங்கேயே நிற்கிறது என்றால் கூலர் பலன் தரும். 120-ஐத் தொடுகிறது என்றால் கூலர் வாங்குவதற்கு முன் கோளாறைத் தேடுங்கள்: ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் பலவீனம், கன்வெர்ட்டரைப் பூட்டும் லாக்கப் கிளட்ச் தேய்மானம். தேய்ந்த கிளட்சுக்குக் கூலர் போடுவது காய்ச்சல்காரருக்கு விசிறி விடுவதுதான். வெப்பம் 10, 11 டிகிரி கூடக் கூட ஆயிலின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 15 டிகிரி குறைந்தாலே பெரிய லாபம்.

3. காகித வேலை

வண்டி வாரண்டியிலோ நீட்டிப்பு வாரண்டியிலோ இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். வெளியே போட்ட கூலர் பைப்பைப் பார்த்தாலே கியர்பாக்ஸ் கிளெய்மை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். வாரண்டி முடியும் வரை ஆயில் மாற்றம் மட்டும், அதுவும் கம்பெனி சர்வீஸில், பில்லோடு.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்து ஆர்சியில் ஏறியிருக்கும் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. கூலர், ப்ரீத்தர் (கியர்பாக்ஸின் காற்றுக் குழல்), வால்வ் பாடி (கியர் மாற ஆயிலை வழிநடத்தும் வால்வுத் தொகுப்பு) ஆகியவை ஆர்சி விவரத்தைத் தொடுவதில்லை. மேனுவல் வண்டியை ஆட்டோமேட்டிக்காக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது வேறு விவகாரம். அதற்குள் போகாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு என்ன மாற்றினீர்கள் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தால் பாலிசி வாசகத்தில் "கியர்பாக்ஸ்" என்ற சொல் இருக்கிறதா என்று படியுங்கள். வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ வண்டி தண்ணீரில் நின்றால் அந்த ஒரு சொல்தான் காப்பாற்றும்.

4. நீங்களே செய்யலாம்: ப்ரீத்தர் நீட்டிப்பு

வட சென்னையில் ஓடும் ஆட்டோமேட்டிக்குக்கு முதலில் செய்ய வேண்டியது இது. பெரும்பாலானோர் இதை நினைப்பதே இல்லை.

கியர்பாக்ஸின் மேல் பகுதியில் காற்று போய்வர ஒரு சின்னக் குழல் இருக்கும், அதுதான் ப்ரீத்தர். சூடான கியர்பாக்ஸ் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்தக் குழல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலம் தண்ணீர் பட்டால் உரிந்து போகும். ஒரு தடவை உள்ளே போனாலே போதும்.

குழலின் வெளி விட்டத்தை அளந்து, அதற்குப் பொருந்தும் எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஒரு மீட்டர் வாங்குங்கள். பெரும்பாலும் 6 அல்லது 8 மி.மீ. இருக்கும். அதை ஃபயர்வாலின் (என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) மேல் விளிம்பு வரை ஏற்றி, முனையைக் கீழ்நோக்கி வளைத்து, ஒரு சிறிய ஃபில்டர் மாட்டுங்கள். இடையில் எங்கும் தொங்கல் இருக்கக் கூடாது, தொங்கலில் ஈரம் தேங்கி வழி அடைபடும். முனையை அடைத்துவிடும் எண்ணம் வேண்டவே வேண்டாம், உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் பிதுங்கும். செலவு 500 ரூபாய்க்குள், நேரம் ஒரு மணி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருவதால் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

இது கியர்பாக்ஸுக்கு மட்டுமான காப்பு. என்ஜின் காற்று இழுக்கும் வாய் முன்பிருந்த அதே உயரத்தில்தான் இருக்கிறது. பம்பர் அளவு தண்ணீரில் இறங்க இது அனுமதிச் சீட்டு ஆகாது.

5. நீங்களே செய்யலாம்: கூடுதல் ஆயில் கூலர்

ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் கூலர் வைத்து, ரப்பர் ஹோஸோடு வரும் வண்டிகளுக்கு மட்டும் இது வீட்டு வேலை. கியர்பாக்ஸின் மேலேயே பெட்டி போல் கூலர் ஒட்டியிருந்தால் அடாப்டர் தகடு வேண்டும். அதை ஷெட்டில் விடுங்கள்.

வாங்க வேண்டியவை: தட்டு அடுக்கு வகைக் கூலர் (4,000 முதல் 10,000 ரூபாய்), ஹோஸ் இரண்டு மீட்டர், ஃபியூயல் இன்ஜெக்ஷன் வகைக் கிளாம்ப் நான்கு, இரும்புப் பட்டை பிராக்கெட், உங்கள் வண்டிக்குரிய ஆயில் ஒரு லிட்டர். ஜி.பி. ரோட்டில் எல்லாமே கிடைக்கும். ஹோஸ் வாங்கும்போது "டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலர் ஹோஸ்" என்றே கேளுங்கள். மேலே எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சிட்டிருந்தால் நல்லது. கம்ப்ரசர் காற்று ஹோஸும் சாதாரண பெட்ரோல் ஹோஸும் சில மாதங்களில் இறுகி வெடிக்கும். புதுப்பேட்டையில் பழைய கூலர் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள். அது வந்த வண்டியின் கியர்பாக்ஸ் எப்படிச் செத்தது என்று உங்களுக்குத் தெரியாது. தட்டுகளுக்குள் சிக்கிய இரும்புத் துகளை எந்த கெமிக்கலும் முழுதாக வெளியே எடுக்காது.

எந்த பைப் கியர்பாக்ஸுக்குத் திரும்பும் பைப் என்று முதலில் கண்டுபிடியுங்கள். வண்டி சூடான பின் இன்ஃப்ராரெட் வெப்பமானியை இரண்டு பைப்பிலும் காட்டினால், சூடு குறைவாக இருப்பது திரும்பும் பைப். ரேடியேட்டரிலிருந்து ஆயில் வெளியே வந்து, புதிய கூலர் வழியாகப் போய், பிறகு கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும். வரிசையை மாற்றினால் புதிய கூலரில் ஆறிய ஆயிலை ரேடியேட்டர் மறுபடி சூடாக்கிவிடும்.

கூலரை ஏசி கண்டென்சருக்கு முன்னால், ஃபேன் காற்று இழுக்கும் பகுதிக்குள் வையுங்கள். நெரிசலில் வண்டி நகராதபோது அந்த ஃபேன் காற்று மட்டுமே உண்டு. கண்டென்சரிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. இடைவெளி விட்டு, வண்டியின் சட்டத்தில் பிராக்கெட் வைத்து மாட்டுங்கள். கிட்டோடு வரும் பிளாஸ்டிக் கம்பிகளைக் கண்டென்சருக்குள் குத்திக் கட்டுவது சுலபம்தான். ஆனால் அதிர்வில் அவை அலுமினியத்தைத் தேய்க்கும், தேய்ந்த இடத்தை உப்புக்காற்று பிடிக்கும், ஏசி கேஸ் போய்விடும். கூலரின் வாய்கள் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழ்நோக்கி இருந்தால் காற்று சிக்கும்.

இரும்பு பைப்பை வெட்ட நேர்ந்தால், முனையில் ஃப்ளேரிங் கருவியால் ஒரு புடைப்பு எடுத்த பிறகே ஹோஸை ஏற்றுங்கள். மழமழப்பான முனையில் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் சூட்டில் ஹோஸ் நழுவும். அப்படி நழுவினால் ஓடும்போதே ஆயில் முழுவதும் கொட்டி, கியர்பாக்ஸ் போய்விடும். கடலோரப் பகுதி வண்டிகளில் ரேடியேட்டர் நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தின நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து, ஃப்ளேர் நட் ஸ்பேனரால் மட்டும் திருப்புங்கள். சாதாரண ஸ்பேனர் முனைகளை உருட்டிவிடும். முழு பலம் போட்டும் அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஷெட்டுக்குப் போங்கள். ரேடியேட்டர் உடைந்தால் கூலன்டும் ஆயிலும் கலக்கும், அது கூலர் விலையைப்போல் பல மடங்கு செலவு.

கூலரும் ஹோஸும் சேர்ந்து 300 முதல் 500 மி.லி. வரை குடிக்கும். அந்த அளவை ஊற்றி, பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிரேக் மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் மூன்று நொடி வைத்து, கசிவு பார்த்து, பிறகு அளவைச் சரிபாருங்கள். முதல் முறை செய்பவருக்கு அரை நாள் ஆகும். இதே வேலைக்கு ஷெட் கூலி 2,500 முதல் 5,000 ரூபாய். கருவிகளைப் புதிதாக வாங்க வேண்டிய நிலையில் இருந்தால் ஷெட்தான் மலிவு.

6. எல்லைக்கோடு: ஆயில் பான், ஃபில்டர்

பானைக் கழற்றி ஃபில்டர் மாற்றுவது கடினமான வேலை அல்ல. கடினம் இரண்டு இடத்தில் இருக்கிறது: சமதளம், ஆயில் அளவு.

டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இல்லாத கியர்பாக்ஸில் அளவைப் பார்க்க, வண்டி நான்கு சக்கரமும் மட்டமாகத் தூக்கியிருக்க, என்ஜின் ஓட, ஆயில் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்க, மிஞ்சிய ஆயில் வழிவதற்காக அடியில் இருக்கும் வழிவுத் திருகைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளுக்கு 35 முதல் 45 டிகிரி, சிலவற்றுக்கு 50 முதல் 60. உங்கள் மாடலின் சர்வீஸ் மானுவல் எண்ணை மட்டும் நம்புங்கள். நம் தெருக்கள் மழைநீர் வடிகால் பக்கம் சரிந்தவை. தண்டையார்பேட்டை, ராயபுரம் சந்துகளில் சமதளம் கிடைப்பதே அரிது. மே மாத வெயிலில் இளகிய தார் ரோட்டில் ஸ்டாண்டின் கால் இறங்கும். 18 மி.மீ. பிளைவுட் துண்டு வைத்தே ஸ்டாண்டு போட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

சிமென்ட் தரையும் நான்கு ஸ்டாண்டும் 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் அளக்கும் சின்ன டார்க் ரெஞ்சும் இருந்தால் செய்யலாம். வண்டி ஆறிய நிலையில் வடித்த ஆயிலை அளந்து, அதே அளவு புதியதை ஊற்றித் தொடங்குங்கள். ஒரு தடவை வடித்தால் பாதி ஆயில்தான் வரும், மீதி கன்வெர்ட்டரில் நிற்கும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை வடித்து ஊற்றுவது நல்ல வழக்கம். பான் போல்ட்டுகள் 6 மி.மீ. தடிமன், பல வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் இறுக்கம். கை வேகத்தில் இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். பானில் ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை சாதாரணம். ஊசி போன்ற துகளோ மஞ்சள் மினுமினுப்போ இருந்தால் அப்கிரேட் எண்ணத்தைக் கைவிட்டு ரிப்பேர் ஷெட்டைத் தேடுங்கள்.

ஆயில் விஷயத்தில் சமரசம் வேண்டாம். டொயோட்டா டபிள்யூஎஸ் கேட்டால் டபிள்யூஎஸ், ஹூண்டாய் 6 கியர் எஸ்பி-4 கேட்டால் எஸ்பி-4, ஹோண்டா சிவிடி ஹெச்சிஎஃப்-2 கேட்டால் அதுவே. "எல்லாத்துக்கும் போடலாம் சார்" என்ற ஆயிலை சிவிடியில் ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் புல்லி கீறும்.

7. ஷெட்டுக்கு மட்டும்: ஷிஃப்ட் கிட், வால்வ் பாடி, கன்வெர்ட்டர்

ஷிஃப்ட் கிட் போவது வால்வ் பாடிக்குள்தான். அதில் இருக்கும் வால்வுகளுக்கும் துளைக்கும் இடையே மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்குதான் இடைவெளி. காட்டன் வேஸ்ட்டின் ஒரு நூல், தெருத் தூசியின் ஒரு துகள் சிக்கினாலே கியர் பிடிக்காது. போல்ட்டுகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும், இடம் மாறினால் உறை வெடிக்கும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுக் கியர்பாக்ஸ்களில் சோலனாய்டு (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) மாற்றியபின் அளவுத்திருத்தக் குறியீடு ஏற்ற வேண்டியதும் உண்டு. ஸ்கேனரில் பழைய கற்றலை அழித்துப் புதிதாகக் கற்பிக்கவும் வேண்டும்.

கன்வெர்ட்டருக்கு கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். புதியதைப் பொருத்தும்போது அது பம்ப் பற்களில் முழுதாக உட்கார்ந்ததா என்று இடைவெளியை அளந்தே போல்ட் போட வேண்டும். உட்காராமல் உறையை இறுக்கிப் பிடித்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடையும். கூலி மட்டும் வண்டியைப் பொறுத்து 12,000 முதல் 25,000 ரூபாய் வரை போகலாம். ஒரு நாளில் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள், மூன்று நாளாவது ஒதுக்குங்கள்.

8. ஷெட்டில் கேட்க வேண்டியவை

வண்டியை விடுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். டிரான்ஸ்மிஷன் ஜாக்கி இருக்கிறதா? உங்கள் மாடலின் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை உங்கள் வண்டியிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். வால்வ் பாடியை எந்த மேசையில் பிரிப்பார்கள்? டிங்கரிங், கிரைண்டிங் நடக்கும் இடத்தின் பக்கத்தில் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். கியர்பாக்ஸ் ஏற்கெனவே துகள் கக்கியிருந்தால் கூலரைப் புதிதாக மாற்றுவார்களா? "சும்மா ஊதிவிட்டோம்" என்ற பதில் போதாது.

ஜாப் கார்டில் இவை எழுத்தில் வர வேண்டும்: கிலோமீட்டர் எண், வேலைக்கு முன் எடுத்த ஸ்கேன் அறிக்கை, ஆயிலின் முழுப் பெயரும் லிட்டரும், பார்ட் நம்பர், பழைய பார்ட்ஸைத் திருப்பித் தருவது, எத்தனை மாத உத்தரவாதம். பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள். அந்த மிச்சத்தை எடுக்காதீர்கள். பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கவும் சரி, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடவும் சரி, அந்த பில்தான் ஆதாரம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் இல்லை.

ஓட முடியாத வண்டியை ஷெட்டுக்குக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். என்ஜின் ஓடாதபோது பம்ப் ஓடாது, உள்ளே எண்ணெய் போகாமலே சக்கரம் சுற்றும். பிளாட்பெட் லாரியைக் கேளுங்கள்.

9. வேலை முடிந்த பின்

முதல் வாரம் தினமும் காலையில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துக் கசிவு பாருங்கள். 500 கிலோமீட்டரில் கிளாம்ப்புகளைச் சரிபார்த்து, ஆயில் அளவை மறுபடி அளந்து, 2-ஆம் படியில் ஓட்டிய அதே வழியில், அதே நேரத்தில் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 டிகிரிகூடக் குறையவில்லை என்றால் கூலர் தவறான பைப்பில் இருக்கிறது அல்லது ஃபேன் காற்றுக்கு வெளியே இருக்கிறது. கடலோரத்தில் நிறுத்தும் வண்டிக்கு மாதம் ஒரு முறை கூலர் முகப்பை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள், அழுத்தத் துப்பாக்கி வேண்டாம், தட்டிதழ்கள் மடங்கும்.

வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஷெட்டில் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். தெரு வடிகாலில் ஊற்றுவது பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் படர்ந்து மீனவர்கள் பட்ட துன்பத்தை இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.